மூச்சு முந்தும், கால் பிந்தும்: புதிதாக ஓட வருபவர்களுக்கு

ஓட ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்களிடம் காரணம் கேட்டால் நேரமில்லை என்பார்கள். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தால் வேறு கதை வெளியே வரும். முதல் நாளே மூச்சு முட்ட ஓடியிருப்பார்கள், மறுநாள் படியிறங்க முடிந்திருக்காது. இல்லையென்றால் ஒரு மாதம் அருமையாகப் போயிருக்கும், அப்புறம் திடீரென்று ஒரு நாள் முழங்காலோ குதிகாலோ பிடித்துக்கொண்டிருக்கும். நானும் இரண்டு முறை இப்படி விட்டவன். மூன்றாவது முறைதான் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அந்த மூன்றாவது முறையில் என்ன மாறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாறியது ஒரே ஒரு விஷயம்தான். எவ்வளவு ஓடலாம் என்று மூச்சைக் கேட்பதை விட்டுவிட்டு, காலைக் கேட்டு முடிவு செய்ய ஆரம்பித்தேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஓடத் தொடங்கினால் உடம்பில் முதலில் தேறுவது இதயமும் ரத்த ஓட்டமும். ஓரிரு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தமும் கூடுகிறது. நாலைந்து வாரத்தில், முன்பு மூச்சிரைக்க வைத்த தூரம் சாதாரணமாகிவிடும். ஆனால் தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநாண்களுக்கு அந்த அவசரம் கிடையாது. அவற்றுக்குள் ரத்த ஓட்டம் குறைவு, அதனால் அவை பலப்பட மாதக்கணக்கில் ஆகும். எலும்பின் கதை இன்னும் கவனிக்க வேண்டியது. புதிய சுமை வந்தால் எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைக்கும், அதன் பிறகுதான் அந்த இடத்தில் புதிதாகக் கட்டும். இந்தச் சுற்று ஒருமுறை முடியவே மூன்று நான்கு மாதம் பிடிக்கும். இடைப்பட்ட வாரங்களில் அந்த இடம் முன்பைவிடக் கொஞ்சம் பலவீனமாகக்கூட இருக்கும்.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நிமிடத்துக்கு 160 அடி என்று வைத்துக்கொண்டால் இருபது நிமிடத்தில் 3,200 அடி. ஆக, இரண்டாவது மாதத்தில் மூச்சு "இன்னும் போகலாம்" என்று சொல்லும்போது, கால் அதற்குத் தயாராகியிருக்காது. காயங்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் வருகின்றன. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் அந்த இடைவெளியைப் பத்திரமாகக் கடப்பதற்காக.

கிளம்பும் முன்

இதய நோய், சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் இருப்பவர்களும், நடக்கும்போதே நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வருபவர்களும் முதலில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், சமீபத்தில் பிரசவமோ அறுவை சிகிச்சையோ ஆனவர்கள், பல வருடம் உட்கார்ந்த வேலையிலேயே இருந்துவிட்டு நாற்பதுக்கு மேல் தொடங்குபவர்கள் எல்லோருக்கும் இதையேதான் சொல்வேன். ஒரு நாள் வேலைதான், தள்ளிப்போடாதீர்கள்.

அரை மணி நேரம் வேகமாக நடக்க முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் ஓட்டத்துக்கு வரலாம். முடியவில்லை என்றால் ஒரு மாதம் நடந்துவிட்டு வாருங்கள். அந்த மாதமும் பயிற்சிக் கணக்கில்தான் சேரும்.

அடுத்தது ஷூ. விலையையும் நிறத்தையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மாலையில் போய் வாங்குங்கள், பகல் முழுக்க நடமாடியதில் பாதம் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். நின்ற நிலையில், நீளமான விரலுக்கும் ஷூவின் முனைக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் ஓடும்போது நகம் இடித்துக் கறுத்துவிடும். பத்து அடி ஓடிப் பார்க்கும்போதே சௌகரியமாக இருக்க வேண்டும், "போடப் போடப் பழகிவிடும்" என்று தோன்றும் ஷூவை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பல ஓட்ட ஷூக்களில் லேஸ் துளைகளின் வரிசைக்கு மேலே, கணுக்காலை ஒட்டி, சற்று விலகி ஒரு கூடுதல் துளை இருக்கும். நெடுநாள் அதை நான் கவனித்ததே இல்லை. லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல் அதே பக்கத்துக் கூடுதல் துளைக்குள் விட்டு ஒரு சின்ன வளையம் வையுங்கள். மறுபக்கமும் அப்படியே. பிறகு வலது லேஸை இடது வளையத்துக்குள்ளும் இடது லேஸை வலது வளையத்துக்குள்ளும் விட்டு இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் ஷூவுக்குள் கெட்டியாக உட்கார்ந்துகொள்ளும், முன்பாதம் இறுகாது. குதிகாலில் கொப்புளம் வந்துகொண்டிருந்த எனக்கு இந்த ஒன்றே போதுமாக இருந்தது.

பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், செயற்கை இழை சாக்ஸ் நல்லது. பெண்களுக்கு, உடம்போடு அழுத்திப் பிடிக்கும் ஸ்போர்ட்ஸ் பிரா ஷூவுக்குச் சமமான தேவை. வேறெதுவும் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

பேச்சு வர வேண்டும்

புதிதாக ஓடுபவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லலாம் என்றால் நான் "மெதுவாக" என்பேன். நீங்கள் நினைக்கும் மெதுவை விடவும் மெதுவாக. பக்கத்தில் ஒருவர் ஓடி வந்தால், அவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். தனியாக ஓடினால் ஏதாவது ஒரு பாட்டின் இரண்டு வரியைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். வேகமாக நடப்பவர் உங்களைத் தாண்டிப் போகலாம். போகட்டும்.

மெதுவாக ஓடுவது தொடக்கநிலைக்காரர்களுக்கான சலுகை என்று நினைத்துவிடாதீர்கள். நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், 800 மீட்டர் ஓடும் வீரரையும் வாரம் 160 கிலோமீட்டர் அளவுக்கு நீண்ட, சீரான ஓட்டம் ஓட வைத்துத்தான் அடித்தளம் போட்டார். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள்.

அதே லிடியார்ட் பின்னர் ஆக்லாந்தில் சாதாரண மனிதர்களை, இதய நோயிலிருந்து மீண்டவர்களையும் சேர்த்து, மெல்லோட்டத்துக்கு அழைத்துப் போனார். அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன் அங்கே போயிருந்தபோது அந்தக் கூட்டத்தோடு ஒருநாள் ஓடினார். ஐம்பது வயதைத் தொட்டிருந்த அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. எழுபதைக் கடந்த, மாரடைப்பு கண்டு மீண்ட பெரியவர் ஒருவர் அவருக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே ஓடி வந்தாராம். ஊர் திரும்பிய பவர்மேன் அங்கே பொதுமக்களுக்கு மெல்லோட்டத்தைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். எனக்கு இதில் பிடித்தது அந்தப் பெரியவர்தான். பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் வருடக்கணக்காக ஓடியவர் அவர்.

பன்னிரண்டு வாரம்

வாரம் மூன்று நாள். நடுவில் ஒரு நாளாவது ஓய்வு, அதாவது திங்கள், புதன், சனி என்பது போல. ஒவ்வொரு முறையும் தொடங்கும்போது ஐந்து நிமிடம் வேகமாக நடங்கள், முடிக்கும்போது ஐந்து நிமிடம் மெதுவாக நடங்கள். நடுவில் செய்ய வேண்டியது இதுதான்:

வாரம் 1, 2: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, 8 முறை.
வாரம் 3, 4: இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, 6 முறை.
வாரம் 5, 6: மூன்று நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, 5 முறை.
வாரம் 7, 8: ஐந்து நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, 4 முறை.
வாரம் 9, 10: எட்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, 3 முறை.
வாரம் 11: பன்னிரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, 2 முறை.
வாரம் 12: நிற்காமல் 25 நிமிடம்.

ஓட்டத்தையும் நடையையும் கலந்து புதியவர்களைப் பழக்குவது பலரும் நம்பும் வழி. ஜோஷ் கிளார்க் 1996-ல் வகுத்த, உலகெங்கும் பின்பற்றப்படும் "கவுச் டு ஃபைவ் கே" (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டருக்கு) திட்டமும் இதே முறைதான். அது ஒன்பது வாரத்தில் முடிகிறது. நான் பன்னிரண்டு சொல்வதற்குக் காரணம் மேலே சொன்ன எலும்புக் கணக்கு. மூன்று வாரம் கூடுதலாகப் போனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதையே மறுபடி செய்யுங்கள், இரண்டு முறை வேண்டுமானாலும். ஆனால் ஒரு வாரம் சுலபமாக இருந்தது என்பதற்காக அடுத்ததைத் தாண்டிக் குதிக்காதீர்கள். முதல் வாரம் முடித்துவிட்டு "இவ்வளவுதானா" என்று தோன்றும். அப்படித்தான் தோன்ற வேண்டும். இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கலாமே என்ற ஆசையோடு வீடு திரும்பினால்தான் மறுநாளைக்கு மறுநாள் திரும்பவும் வாசலைத் தாண்டுவீர்கள்.

ஓடும் விதத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பார்வை இருபது அடி முன்னால் இருக்கட்டும். தோள் காதை நோக்கி ஏறியிருந்தால் இறக்கிவிடுங்கள். உள்ளங்கையை இறுக மூடாதீர்கள். முக்கியமானது அடியின் நீளம்: காலை உடம்புக்கு வெகு முன்னால் நீட்டி ஊன்றினால், அந்த அடி பிரேக் போடுவது போல வேலை செய்து முழங்காலைத் தாக்கும். சின்னச் சின்ன அடியாக, பாதம் இடுப்புக்குக் கீழேயே இறங்கும்படி ஓடுங்கள். சரியாக ஓடுகிறோமா என்று தெரிந்துகொள்ள உங்கள் காலடிச் சத்தத்தைக் கேளுங்கள். தொம் தொம் என்று விழுந்தால் அடியைச் சுருக்குங்கள், சத்தம் தானாகக் குறையும்.

விலாவுக்குக் கீழே சுருக்கென்று பிடித்தால் நடைக்கு வந்து, அந்த இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழித்து ஓடினால் இது குறையும். தண்ணீரைத் தாகத்துக்குக் குடித்தால் போதும், அரை மணி ஓட்டத்துக்கு பாட்டில் தூக்க வேண்டியதில்லை. வெயில் கடுமையாக இருந்தால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்கும். அன்று இன்னும் மெதுவாகப் போங்கள், தலை சுற்றினால் நிறுத்தி நிழலுக்கு வந்துவிடுங்கள்.

கிளம்புவதுதான் பாதி வேலை

பழக்கம் என்பது மன உறுதியால் வருவது என்று நினைத்துத்தான் முதல் இரண்டு முறையும் தோற்றேன். மன உறுதி தினமும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆகவே முடிவெடுக்க வேண்டிய வேலையையே குறைக்க வேண்டும். ஓட்டத்தை ஏற்கெனவே தினமும் செய்யும் ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள்: பல் துலக்கியதும், அல்லது வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும். காலையா மாலையா என்பது உங்கள் வசதி, நேரம் மட்டும் மாறாமல் இருக்கட்டும்.

நான் முந்தைய இரவே ஷூவை வாசல் கதவுக்குப் பக்கத்தில், முனை வெளியே பார்த்தபடி வைத்துவிடுவேன். லேஸ் தளர்த்தப்பட்டிருக்கும், ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் அதற்கான சாக்ஸ் ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். விடிவதற்கு முன் தூக்கக் கலக்கத்தில் சாக்ஸைத் தேடி அலமாரியைத் திறந்த நாட்களில், மூடிவிட்டுப் படுக்கைக்கே திரும்பியிருக்கிறேன். ஷூ கண்ணெதிரே இருந்த நாட்களில் கால் தானாக அதற்குள் போய்விட்டது.

போகவே பிடிக்காத நாள் வரும். அன்று உங்களோடு ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: பத்து நிமிடம் மட்டும், நடையாக இருந்தாலும் சரி. பத்து நிமிடத்துக்குப் பிறகும் மனம் இல்லையென்றால் குற்ற உணர்ச்சி இல்லாமல் திரும்பிவிடலாம். பெரும்பாலும் திரும்ப மாட்டீர்கள். திரும்பினாலும் கிளம்பியது கணக்கில் உண்டு, ஏனென்றால் இந்த மூன்று மாதமும் நீங்கள் பழகுவது கிளம்புவதைத்தான்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்து, ஒரு செயல் பழக்கமாக எத்தனை நாளாகிறது என்று ஆராய்ந்தார்கள். சராசரியாக 66 நாள் வந்தது. ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இதில் எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்த முடிவு வேறொன்று: நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆகவே ஒரு நாள் போனால் போகட்டும். அதை ஈடுகட்ட அடுத்த நாள் இரட்டிப்பாக ஓடுவதுதான் தவறு. உடம்பு சரியில்லாமல் ஒரு வாரம் விட்டால், விட்ட இடத்திலிருந்து ஒரு படி கீழே இறங்கித் தொடங்குங்கள்.

வேகம் காட்டும் ஆப்பையும் வாட்ச்சையும் பன்னிரண்டு வாரத்துக்கு ஒதுக்கி வைக்கச் சொல்வேன். நிமிடம் தெரிந்தால் போதும். ஒரு சின்ன நோட்டில் தேதி, எத்தனை நிமிடம், கால் எப்படி இருந்தது என்று ஒரே வரி எழுதுங்கள். கடைசியில் சொன்னது மிகவும் முக்கியம், ஏன் என்று அடுத்து சொல்கிறேன்.

எந்த வலிக்கு நிற்க வேண்டும்

என் இரண்டாவது முயற்சியில் ஏழாவது வாரம் உடம்பு சிறகு முளைத்தது போல இருந்தது. மூச்சு வாங்கவே இல்லை. மூன்று நாள் தொடர்ந்து, வழக்கமான தூரத்தைப் போல இரண்டு மடங்கு ஓடினேன். நான்காம் நாள் காலை, கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்ததும் முழங்காலுக்குக் கீழே, முன்னங்கால் எலும்பின் உள்விளிம்பில் ஒரு வலி. நடக்க நடக்க அது மறைந்துவிட்டது, அதனால் அன்றும் ஓடினேன். அந்த வாரக் கடைசியில் படியேறவே முடியவில்லை. ஐந்து வாரம் ஓட்டம் நின்றது, அதோடு பழக்கமும் போயிற்று. பிறகு பழைய நோட்டைப் புரட்டியபோது, பத்து நாள் முன்பிருந்தே "இடது கால் லேசாக வலி" என்று நானே எழுதி வைத்திருந்தேன்.

இதை எப்படிப் பிரித்தறிவது? தொடை, கெண்டைக்கால் போன்ற சதைப்பகுதியில், இரண்டு காலிலும் ஒரே மாதிரி, ஓடிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ வரும் மந்தமான வலி தசை வலி. இரண்டு மூன்று நாளில் போய்விடும், நடக்கலாம், பயமில்லை. ஒரு காலில் மட்டும், எலும்பிலோ மூட்டிலோ குதிகாலிலோ வரும் வலியை அப்படி விடாதீர்கள். ஒற்றை விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பின் ஓரமாக ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட்ஸ், அதாவது அளவுக்கு மீறி ஓடியதால் முன்னங்கால் எலும்போரத்தில் வரும் வலி. ஓட்டத்தைக் குறைத்து, சில நாள் நடைக்கு மாறினால் தேறும். ஒரு நாணய அளவு இடத்தில் மட்டும் சுரீரென்று குத்தினால், அதிலும் இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். ஓட்டத்தை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை போட்டு வலியை மறைத்துக்கொண்டு ஓடவே கூடாது.

ஓடும்போதே நெஞ்சு இறுகினால், வலி தாடைக்கோ கைக்கோ பரவினால், மயக்கம் வந்தால் அதற்கு எந்த யோசனையும் வேண்டாம். நிறுத்துங்கள், உடனடியாக மருத்துவ உதவி கேளுங்கள்.

காலைப் பலப்படுத்த வாரம் இரண்டு நாள் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, குதிகாலை மெல்ல உயர்த்தி, அதைவிட மெல்ல, படிமட்டத்துக்குக் கீழே போகும் வரை இறக்குங்கள். 15 முறை, மூன்று சுற்று. கூடவே நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது. இவ்வளவு போதும். குதிகால் நாணும் இடுப்பும் உறுதியாக இருந்தால் முழங்காலுக்குப் பாதி சுமை குறைந்தது போல இருக்கும்.

இருபத்தைந்து நிமிடத்துக்குப் பிறகு

நிற்காமல் 25 நிமிடம் ஓடியதும் அடுத்து என்ன என்ற பரபரப்பு வரும். யாராவது மாரத்தானுக்குப் பதிவு செய்யச் சொல்வார்கள். 42.195 கிலோமீட்டர் அது. முதல் வருடத்தில் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆசை இருந்தால் 5 கிலோமீட்டரில் ஆரம்பியுங்கள். 2004 அக்டோபரில் லண்டனின் புஷி பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கிய பார்க்ரன் இன்று பல நாடுகளில் வாராவாரம் நடக்கிறது. 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை, நடந்தும் முடிக்கலாம். எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பார், அதனால் கடைசியாக வருவது எப்போதும் அவர்தான். அப்படி ஒன்று பக்கத்தில் இல்லையென்றால் நீங்களும் ஒரு நண்பருமாக ஒரு நாளைக் குறித்துக்கொண்டு ஓடுங்கள்.

கூட்டும்போது ஓடும் நேரம், நாட்கள், வேகம் மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். முதலில் நேரம், அப்புறம் நான்காவது நாள், வேகம் எல்லாவற்றுக்கும் கடைசி. வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்று ஓடுபவர்கள் சொல்வார்கள். அது ஒரு கைக்கணக்குதான், ஆனால் புதியவர்களுக்கு நல்ல கடிவாளம். மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் கொஞ்சம் குறையுங்கள். ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும், அடிப்பகுதி ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

சரி, பதின்மூன்றாவது வாரம். அதே மூன்று நாள், அதே நேரம். இரண்டு நாள் வழக்கம்போல 25 நிமிடம். மூன்றாவது நாள் மட்டும், முந்தைய நாள் நோட்டில் கால் வலி பற்றி எதுவும் எழுதியிருக்காவிட்டால், 30.